ஓட்டு முடிந்ததும் கல்யாணம்

ரோவன்டவுன், நியூ ஜெர்சி
செப்டம்பர் 24, 1807

அன்புத் தங்கை ஹல்டாவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறேன் என்று முதலிலேயே எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் கடிதத்தைப் பிரிப்பதற்குள் நீ பதறுவாய். பிள்ளைத்தாய்ச்சிக்குப் பதற்றம் ஆகாது. மாப்பிள்ளை ஆம்ப்ரோஸ் உன்னைத் தண்ணீர் சுமக்க விடுகிறாரா என்று எழுது. விடுகிறார் என்றால் அவருக்கு நான் தனியாக ஒரு கடிதம் எழுதுவேன். அதைப் படிக்க அவருக்கு அவ்வளவு சந்தோஷமாக இருக்காது.

கல்யாணம் நடக்கவில்லை. நீ அனுப்பிய லேஸ் வந்து சேர்ந்தது, உடுப்பில் வைத்துத் தைத்தும் ஆயிற்று. சர்ச்சில் அறிவிப்பு வாசிக்கப் போதகர் நாள்கூடக் குறித்துவிட்டார். கல்யாணம் மட்டும் நடக்கவில்லை. பயப்படாதே. எலிஃபலெட் ஓடிப்போகவில்லை. நானும் சண்டை போடவில்லை. போட்டேன், ஆனால் பெரிதாகப் போடவில்லை. தேர்தல் முடியட்டும் என்று இரண்டு பேருமாகத் தள்ளி வைத்திருக்கிறோம்.

நீ சிரிப்பது இங்கே கேட்கிறது. பதினெட்டு வயதில் உன்னைக் கட்டிக்கொடுத்து ஒஹாயோவுக்கு வண்டியேற்றிவிட்டார்கள். அதனால் உனக்கு இது விளங்காமல் போகலாம். நம் ஜெர்சியில், புருஷன் இல்லாத பெண்ணுக்கு ஐம்பது பவுண்டு பெறுமான சொத்து இருந்தால் அவளும் ஓட்டுப் போடலாம். விதவை போடலாம், கன்னியாகவே இருந்துவிட்டவள் போடலாம். கல்யாணம் ஆனவள் போட முடியாது, ஏனென்றால் அவளுடையது எல்லாம் புருஷனுடையது. உன் அத்தான் ஜேபஸ் போய்ச் சேர்ந்ததிலிருந்து ஆப்பிள் பிழிந்து சைடர் இறக்கும் ஆலையும் தோப்பும் என் பெயரில் இருக்கின்றன. வருஷா வருஷம் நான் ஓட்டுப் போட்டு வருகிறேன்.

இந்த வருஷம் எலிஃபலெட்டே சட்டசபைக்கு நிற்கிறார், ஜெஃபர்சன் கட்சியின் சார்பில். எதிரே ஃபெடரலிஸ்டுகளின் ஆள், வக்கீல் ஹேவர்ஷாம். போன வாரம் ஆலையில் குதிரையைப் பூட்டிக்கொண்டிருந்தேன். எலிஃபலெட் வந்தார், தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே நின்றார். மர அறுவை ஆலை வைத்திருக்கிற மனுஷன், அவ்வளவு பெரிய கைகள், ஒரு தொப்பியை வைத்துக்கொள்ளத் தெரியவில்லை. "டெம்பி, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டியே?" என்றார். "கேட்டுப் பாருங்க, அப்புறம் சொல்றேன்" என்றேன். "நம்ம கல்யாணத்தை ஒரு மாசம் தள்ளி வச்சுக்கலாமா? இப்ப நீ என்னைக் கட்டிக்கிட்டா எனக்குப் பொண்டாட்டி கிடைப்பா, ஆனா ஒரு ஓட்டுப் போயிடும்" என்றார்.

கையில் இருந்த ஆப்பிளை அவர் மேல் எறிந்தேன். நன்றாகவே பட்டது. ஆனால் ஹல்டா, உன்னிடம் சொல்ல என்ன வெட்கம், எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. இந்த வருஷ ஓட்டு போய்விடுமே என்று எனக்கும் ஒரு உறுத்தல் இருந்தது, அதை யாரிடம் சொல்வது? புதுப் பெண்டாட்டி ஆகப்போகிறவள் ஓட்டுக்கு அழுதாள் என்றால் ஊர் என்ன சொல்லும்? அவரே வந்து கேட்டதும் பாரம் இறங்கினாற்போல் இருந்தது.

ஊரில் இப்போது இதுதான் பேச்சு. கொல்லன் நேற்று வழியில் என்னை நிறுத்தி, "ஏம்மா, மாப்பிள்ளைக்குப் பொண்ணைவிட ஓட்டுச் சீட்டு மேலத்தான் ஆசையாமே?" என்றான். "ஆமாம், உன்னைக் கட்டினவளுக்கு ஓட்டும் போச்சு, ஆசையும் கிடைக்கலையே, பாவம்" என்று சொல்லிவிட்டு வந்தேன். தெருத் திரும்பின பிறகுதான் எனக்கே சிரிப்பு வந்தது.

ஜேபஸ் போன பிறகு ஊரில் யாரும் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடவில்லை. ஜேபஸின் விதவை, லிண்ட் வீட்டு விதவை, அவ்வளவுதான். முதல் தேர்தலன்று கருங்காளை விடுதியில் ஓட்டுப் பெட்டிக்கு முன்னால் நின்றேன். மேசையில் உட்கார்ந்திருந்தவர் எல்லோரும் கேட்கும்படி "டெம்பரன்ஸ் லிண்ட்" என்று கூப்பிட்டார். என் பெயரை நானே மறந்து போயிருந்திருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. அதை விட்டுவிட்டுக் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும் என்றால் அந்த ஆள் அதற்குத் தகுந்தவராக இருக்க வேண்டும் இல்லையா? எலிஃபலெட் தகுந்தவர்தான். உள்ளே வரும்போது பூட்ஸைத் துடைத்துக்கொண்டு வருகிறார். நான் பேசினால் கடைசிவரை கேட்கிறார். அவர் வருகிற நாளில் எனக்கு இருப்புக்கொள்வதில்லை, வராத நாளிலும் இல்லை. என் கடைசி ஓட்டு அவருக்கே. அவருக்கு நான் கொண்டுபோகும் சீதனம் அது என்று வைத்துக்கொள்.

ஒரே ஒரு விஷயம் மனத்தில் குறுகுறுக்கிறது. மிஸ் டார்கஸை உனக்கு நினைவிருக்கும், உனக்கும் எனக்கும் எழுத்துச் சொல்லித் தந்தவர். இன்னும் பள்ளி நடத்துகிறார், இன்னும் யாரையும் கட்டிக்கொள்ளவில்லை, இன்னும் ஃபெடரலிஸ்ட். அவர் வந்து, "ட்ரென்டன் சட்டசபையில நம்ம ஓட்டை எடுத்துடலாம்னு பேசிக்கிறாங்களாம், உன் ஆளு என்ன சொல்றாருன்னு கேட்டியா?" என்றார். பக்கத்து மாவட்டத்தில் நீதிமன்றத்தை எங்கே கட்டுவது என்று நடந்த ஓட்டெடுப்பில் பயல்கள் பாவாடை கட்டிக்கொண்டு வந்து இரண்டாம் தரம் ஓட்டுப் போட்டார்களாம். பாவாடை கட்டின பயல்களை விட்டுவிட்டுப் பாவாடை மேல் பழி போடுகிறார்கள். நான் டார்கஸிடம், "எலிஃபலெட் அப்படிச் செய்யமாட்டாரு, அதுக்கு நான் ஜாமீன்" என்றேன். எலிஃபலெட்டிடம் போய் இதைக் கேட்கவில்லை. என்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவரிடம் இதையெல்லாம் கேட்பது சந்தேகப்படுவதுபோல் ஆகிவிடாதா?

ஆங்கிலேயர் நம் கப்பலைச் சுட்டதிலிருந்து யுத்தம் வரும், யுத்தம் வரும் என்று விடுதியில் ஓயாமல் பேச்சு. உங்கள் பக்கம் எப்படி? கதவைத் தாழிட்டுப் படு. ஆப்பிள் இந்த வருஷம் கிளை ஒடியக் காய்த்திருக்கிறது.

உன் அக்கா,
டெம்பரன்ஸ்


ரோவன்டவுன்
அக்டோபர் 17, 1807

அன்புள்ள ஹல்டா,

ஜெயித்துவிட்டார்! இதை எழுதுவதற்கு முன்னால் மூன்று தரம் எழுந்து போய் வாசலைப் பார்த்துவிட்டு வந்தேன். யாரும் வரவில்லை, சும்மாதான். ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை.

இரண்டு நாள் ஓட்டெடுப்பு. முதல் நாள் சாயங்காலமே ஹேவர்ஷாம் முந்துகிறார் என்று பேச்சு வந்துவிட்டது. எலிஃபலெட் முகம் சுண்டிப்போய் ஆலைக்கு வந்தார். எனக்கு அந்த முகத்தைப் பார்க்கப் பொறுக்கவில்லை. மறுநாள் பீப்பாய் ஏற்றுகிற பெரிய வண்டியைத் துடைத்து, வைக்கோல் பரப்பி, மேலே போர்வை விரித்துக் குதிரைகளைப் பூட்டினேன். ஊரைச் சுற்றி, தோப்போரம், ஆற்றோரம் எங்கெல்லாம் தனியாக இருக்கும் பெண்கள் உண்டோ அங்கெல்லாம் போனேன். நெசவுக்காரி பெத்தியா, அவளுடைய தங்கை, ஆற்றங்கரைக் கிழவி, இன்னும் சிலபேர். இத்தனை தூரம் நடந்து போய் ஓட்டுப் போட முடியாதென்று இருந்தவர்கள்தான். வண்டி என்றதும் தொப்பியைத் தேடினார்கள்.

மிஸ் டார்கஸ் மட்டும் வாசலில் நின்று கையைக் கட்டிக்கொண்டார். "நான் எதிர்க் கட்சி, டெம்பி. என்னை ஏத்திக்கிட்டுப் போனா உனக்குத்தான் நஷ்டம்" என்றார். நான் வண்டியை விட்டு இறங்கிப்போய் அவர் கையைப் பிடித்தேன். "கட்சிக்காகக் கேக்கல. நாளைக்கு ட்ரென்டன்ல நமக்காகப் பேச ஒரு ஆள் வேணும். ஹேவர்ஷாம் பேசுவாரா? எலிஃபலெட் பேசுவாரு. நான்தான் சொன்னேனே, நான் ஜாமீன்" என்றேன். அவர் என் முகத்தை வெகுநேரம் பார்த்தார், பிழை திருத்துகிறபோது பார்ப்பாரே, அப்படி. பிறகு சால்வையை எடுத்துப் போட்டுக்கொண்டு ஏறினார். வாழ்க்கையில் முதல் தரமாக ஜெஃபர்சன் கட்சிக்கு ஓட்டுப் போடப் புறப்பட்டார், என் சொல்லுக்காக.

விடுதிக்குள் ஒரே புகையும் ரம் வாடையும். நாங்கள் வரிசையாக உள்ளே போனதும் வக்கீலின் ஆள் ஒருவன், "ஏம்மா, அடுப்புல வச்ச பானையையும் பெட்டியில போடக் கொண்டாந்துட்டீங்களா?" என்று கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். மிஸ் டார்கஸ் அவன் பக்கம் திரும்பினார். "நீ போட்ட சீட்டை நான் சொல்லிக் குடுத்த எழுத்துலதானேடா எழுதினே? பானையில இருந்தா வந்துச்சு அந்த எழுத்து?" என்றார். அந்த ஆள் தொப்பியை எடுத்துவிட்டு, "இல்ல மிஸ்" என்றான். முன்பைவிடப் பெரிதாகச் சிரித்தார்கள்.

எங்களுக்குப் பின்னால் சைரஸ் வரிசையில் நின்றார். எனக்குப் பீப்பாய் செய்துதருகிறவர்தான், உனக்குத் தெரியும். கறுப்பு அடிமையாக இருந்து, தன் விடுதலையைத் தானே விலைகொடுத்து வாங்கினவர். இப்போது ஆற்றோரம் சொந்த மனையும் பட்டறையும் இருக்கின்றன. அவர் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். "இன்னிக்கு நம்ம பீப்பாய் வண்டியில நல்ல சரக்கா ஏத்தியிருக்கீங்க" என்று என் காதோடு சொன்னார். பெத்தியா கேட்டுவிட்டு அவர் முதுகில் ஒன்று வைத்தாள்.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். எலிஃபலெட் ஜன்னலோரம் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். சீட்டைப் போட்டேன். மடித்த ஒரு காகிதத் துண்டுதான். கண் நிறைந்துவிட்டது, புகை என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தேன். இதுதான் கடைசி என்று தெரிந்தே போட்டேன், ஹல்டா. மனசார விட்டேன்.

எண்ணி முடித்தபோது எலிஃபலெட் ஜெயித்திருந்தார், கொஞ்சத்தில்தான். என் வண்டியில் வந்தவர்கள் வராமல் இருந்திருந்தால் இன்று ஹேவர்ஷாம் ட்ரென்டன் போய்க்கொண்டிருப்பார். எலிஃபலெட் எல்லோருக்கும் முன்னால் எங்களிடம் வந்தார். டார்கஸுக்குத் தலை குனிந்தார், பெத்தியாவின் கையைக் குலுக்கினார். "உங்களை மறக்க மாட்டேன்" என்றார். தேர்தலுக்கென்று சுட்டிருந்த கேக்கை வெட்டிக் கொடுத்தேன். திராட்சை கொஞ்சம் அதிகமாகிவிட்டது, யாரும் குறை சொல்லவில்லை.

சட்டசபை கூடி முடிந்து அவர் திரும்பி வந்ததும் கல்யாணம். டிசம்பரில், பனி அதிகம் விழுவதற்குள். நீ வர முடியாது, உனக்குக் கைக்குழந்தை இருக்கும். அதை நினைத்தால்தான் மனம் கலங்குகிறது. பிரசவச் செய்தியை யாராவது ஒருவர் உடனே எழுதுங்கள். தபால் வண்டிக் கொம்புச் சத்தம் கேட்டாலே வாசலுக்கு ஓடுகிறேன்.

அன்புடன்,
அக்கா டெம்பி


ரோவன்டவுன்
டிசம்பர் 9, 1807

என் கண்ணே ஹல்டா,

பெண் குழந்தை! உன் கடிதம் திங்களன்று வந்தது. என் பெயரையே வைத்திருக்கிறாய். சமையலறையில் நின்றபடியே படித்தேன், பிறகு அடுப்பங்கரையில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். அதில் பாதி சந்தோஷம். மீதிப் பாதிக்கு நீ பொறுப்பில்லை, அதைத்தான் இப்போது எழுதப்போகிறேன். குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு உட்கார்ந்து படி.

நவம்பர் கடைசியில் ஒரு காலை மிஸ் டார்கஸ் வந்தார். கையுறையைக்கூடக் கழற்றாமல் பத்திரிகையை மேசைமேல் வைத்தார். "படி" என்றார். நான் ஆப்பிள் கூழை வெண்ணெய்ப் பதத்துக்குக் கிளறிக்கொண்டிருந்தேன், அடிபிடித்துவிடும் என்றேன். "பிடிக்கட்டும்" என்றார். ட்ரென்டனில் புதுச் சட்டம். இனி ஓட்டுப் போடுகிறவர் சுதந்திரமான வெள்ளைக்கார ஆண் பிள்ளையாக இருக்க வேண்டும். அடியில் யார் யார் ஆதரித்தார்கள், யார் எதிர்த்தார்கள் என்று இருந்தது. எதிர்த்தவர்கள் ஒரு கை விரல்களுக்குள் அடங்குவார்கள். அதில் எலிஃபலெட் இல்லை.

டார்கஸ் கத்தியிருந்தால் தேவலை. அவர் கத்தவில்லை. "நீ ஜாமீன் நின்னே, டெம்பி. நான் அவரை நம்பி வரலை, உன்னை நம்பி வந்தேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். கூழ் அடிபிடித்துவிட்டது. அந்தச் சட்டியை இன்னும் சுரண்டிக்கொண்டிருக்கிறேன்.

அன்றிலிருந்து எனக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. தோப்புக்குப் போகிறேன், எதற்குப் போனேன் என்று தெரியாமல் திரும்பி வருகிறேன். பெத்தியா வழியில் என்னைப் பார்த்து வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறாள். ஒருநாள் ஆலையில் சைரஸிடம் மனம் விட்டுப் பொரிந்து தள்ளினேன். "வண்டி கட்டிப் போய்க் கூட்டிக்கிட்டு வந்தோமே, எங்களை ஒரு நிமிஷத்துல மறந்துட்டாங்களே" என்றேன். அவர் பீப்பாய் வளையத்தை அடித்து இறக்கி முடித்தார். பிறகுதான், "உங்களை மறந்துட்டு செஞ்சாங்கம்மா. என்னை ஞாபகம் வச்சுச் செஞ்சாங்க" என்றார். எனக்குச் சுருக்கென்றது, ஹல்டா. அத்தனை நாள் அழுதேனே, அந்தச் சட்டத்தில் அவரையும் எடுத்துப்போட்டிருக்கிறார்கள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அதே பெட்டியில் எனக்குப் பின்னால் நின்று ஓட்டுப் போட்ட மனுஷன்.

போன வெள்ளிக்கிழமை எலிஃபலெட் வந்தார். ட்ரென்டனிலிருந்து எனக்கு ஒரு சால்வை வாங்கி வந்திருந்தார், நல்ல சாம்பல் நிறம். வாசலில் பூட்ஸைத் துடைத்தார், வழக்கம்போல். அந்தச் சத்தம் கேட்டதும் என் நெஞ்சு ஓடிப்போய்க் கதவைத் திறந்தது, கால்தான் நின்ற இடத்தில் நின்றது. அவர் மேல் உள்ள பிரியம் பத்திரிகை பார்த்துக் குறையவில்லையே, அதுதான் கொடுமை.

சால்வையை வாங்கவில்லை. ஏன் செய்தீர்கள் என்று கேட்டேன். ஒளிக்காமல் சொன்னார், அதை ஒத்துக்கொள்ள வேண்டும். "நான் ஒருத்தன் எதிர்த்து நின்னா சட்டம் நின்னுடுமா, டெம்பி? எப்படியும் நிறைவேறப் போறது அது. கை தூக்கலேன்னா நம்ம ஊருக்குப் பாலம் கட்டறதைப் பத்திப் பேசவே வேணாம்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டாங்க. வருஷா வருஷம் அந்த ஆத்துல யாராவது போறாங்க, நீயே பாத்திருக்கே. நான் பாலத்தைக் கொண்டாந்திருக்கேன்" என்றார். பாலம் வேண்டும்தான். போன வசந்தத்தில் பெத்தியாவின் அண்ணன் மகன் அந்த வெள்ளத்தில்தான் போனான். அவர் பொய் சொல்லவில்லை. அவர் கெட்டவரும் இல்லை. அப்படி இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்!

"எங்க கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. பாலமா, ஓட்டான்னு எங்களையே கேட்டிருக்கலாமே" என்றேன். அவர் சால்வையை மேசைமேல் வைத்துவிட்டு, என்னைச் சமாதானப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு, "இதுல உனக்கு என்ன நஷ்டம்? இந்த மாசம் நீ என்னைக் கட்டிக்கிட்டா உன் ஓட்டு எப்படியும் போகத்தானே போகுது?" என்று சிரித்தார்.

ஹல்டா, நானும் சிரித்திருப்பேன், அக்டோபராக இருந்திருந்தால். "என் கைமோதிரத்தை நானா கழட்டி உங்ககிட்ட குடுக்கிறது வேற. நான் அசந்த நேரத்துல உருவிக்கிட்டுப் போறது வேற" என்றேன். "சரி, எனக்குப் போனது போகட்டும். டார்கஸ் யாரைக் கட்டிக்கப் போறாங்க? சைரஸ் யாரைக் கட்டிக்கப் போறாரு?" என்றேன். அவர் தொப்பியைக் கையில் எடுத்துச் சுற்ற ஆரம்பித்தார்.

பிறகு நான் சொன்னது முன்கூட்டி யோசித்து வைத்தது இல்லை. சொல்லும்போதுதான் அது எனக்கே தெரிந்தது. "எலிஃபலெட், ஒரு ஓட்டுக்காக நீங்க என்னைக் காத்திருக்கச் சொன்னீங்க. ஊரே சிரிச்சுது, நான் காத்திருந்தேன். இப்ப அதே ஓட்டுக்காக உங்களைக் காத்திருக்கச் சொல்றேன். அது திரும்பி வரட்டும். எனக்கு, டார்கஸுக்கு, சைரஸுக்கு, எல்லாருக்கும். வந்த மறுநாளே போதகரைக் கூட்டிக்கிட்டு வாங்க. நான் உடுப்போட நிக்கிறேன்" என்றேன். "அதுக்கு எவ்வளவு நாளாகும், டெம்பி?" என்றார். "சட்டசபை நீங்கதானே. நீங்க சொல்லுங்க" என்றேன்.

விளையாட்டு என்று நினைத்து முதலில் சிரித்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். கோபப்படவில்லை. அடுத்த கூட்டத்தில் எழுந்து பேசிப் பார்க்கிறேன் என்றார். பேசுவார் என்றுதான் நினைக்கிறேன். போகிற போக்கில் தோப்புப் படலின் கழன்ற கொக்கியைச் சரிசெய்துவிட்டுப் போனார். ஒரு மாதமாக அது ஆடிக்கொண்டிருந்தது, நான்கூடக் கவனிக்கவில்லை. ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கூப்பிட்டுவிடலாமா என்று வாய்வரை வந்தது. கூப்பிடவில்லை.

மறுநாள் டார்கஸிடம் போய் நடந்ததைச் சொல்லி, நான் நின்ற ஜாமீனுக்கு நான் கட்டுகிற விலை இது என்று சொன்னேன். அவர் என்னை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். மேப்பிள் சர்க்கரை போட்டுத் தேநீர் கொடுத்தார். "முட்டாள் பெண்ணே" என்றார். நமக்கு எழுத்துச் சொல்லித் தந்த காலத்திலும் அவர் அப்படிச் சொன்னால் அது திட்டு இல்லை, உனக்குத் தெரியும்.

நாற்பதைத் தாண்டினவள், நல்ல மனுஷன், இரண்டு பேருக்கும் தனி வீடு, தனி அடுப்பு, இது என்ன வீம்பு என்று நீ எழுதுவாய். வீம்புதான். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, சாயங்காலம் ஆனால் காது வாசல் பக்கமே இருக்கிறது. குளிரில் இரண்டு பேர் உட்கார வேண்டிய அடுப்பின் முன்னால் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் அவரைக் கட்டிக்கொண்டு நித்தம் மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து, இதைப் பற்றிப் பேசாமல் ரொட்டியைப் பிட்டுக்கொண்டிருப்பது என்னால் ஆகாது. எனக்கு வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரியாது என்பது உன்னைவிட யாருக்குத் தெரியும்?

நீ கவலைப்படாதே. இது ரொம்ப நாள் நிற்காது. பாவாடை கட்டின சில பயல்களுக்காக அவசரத்தில் போட்ட சட்டம். எல்லோருக்கும் கோபம் ஆறட்டும். அடுத்த கூட்டத்தில் இல்லாவிட்டால் அதற்கு அடுத்ததில் மாற்றிவிடுவார்கள். இவ்வளவு அசட்டுத்தனமான ஒன்றை எத்தனை வருஷத்துக்கு வைத்துக்கொண்டிருப்பார்கள், நீயே சொல். இங்கிலாந்து ராஜாவின் படையையே கடல் தாண்டி அனுப்பினவர்கள் நாம்.

சின்ன டெம்பரன்ஸை என் பங்குக்கு இரண்டு கன்னத்திலும் முத்தமிடு. நோய் நொடி இல்லாமல் வளரட்டும். வாய் மட்டும் என்னைப்போல் இருக்கட்டும், ஆம்ப்ரோஸ் என்ன சொன்னாலும் அடக்கி வளர்க்காதே. அவளுக்கு இருபத்தொன்று ஆகும்போது ஒரு அக்டோபரில் அவளை இங்கே என்னிடம் அனுப்பி வை. பீப்பாய் வண்டியில் வைக்கோல் பரப்பிக் கருங்காளை விடுதிக்கு நானே கூட்டிக்கொண்டு போகிறேன். அத்தனை பேருக்கு நடுவில் நம் பெயரைக் கூப்பிடுவார்கள். அவள் எழுந்து போகட்டும்.

உன் லேஸ் தைத்த உடுப்பை லாவெண்டர் போட்டு மடித்துப் பெட்டியில் வைத்திருக்கிறேன். பூச்சி அரிக்காது. சட்டம் மாறி, கல்யாணத் தேதி நிச்சயமானதும் முதல் கடிதம் உனக்குத்தான். அப்போது தூரம், குழந்தை, அறுவடை என்று சாக்குச் சொல்லாதே, கண்ணே. வந்துவிடு.

என்றும் உன் அக்கா,
டெம்பரன்ஸ் லிண்ட்